பிள்ளையை டிராயிங் கிளாஸ்ல சேக்கப் போறீங்களா? ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

டிராயிங் கிளாஸ் தானே, பக்கத்துல எங்க இருக்கோ அங்க சேத்துடலாம்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கறோம். தேட ஆரம்பிச்சா தான் எத்தனை விதம் இருக்குன்னு தெரியுது. போற இடத்துல எல்லாம் கிரியேட்டிவிட்டி வளரும், கவனம் வரும், கையெழுத்து அழகாகும், மூளையோட ரெண்டு பக்கமும் வேலை செய்யும்னு நோட்டீஸ்ல அடிச்சு வெச்சிருக்கறதை அப்படியே ஒப்பிக்கறாங்க, சரிங்க, அது எப்படி வளரும், கிளாஸ்ல என்ன செய்ய வைப்பீங்கன்னு கேட்டா பேச்சு நேரா ஃபீஸுக்குப் போயிடுது. நானும் என் பொண்ணுக்காக இப்படி அலைஞ்சு, ஃபாரம் ஃபாரமா நிரப்பி, எதுக்குன்னே புரியாத கட்டணம் எல்லாம் கட்டி, நடுவுல ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடம் மாறி தான் ஓரளவுக்கு புரிஞ்சுக்கிட்டேன். புதுசா தேடறவங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்னு வரிசையா எழுதறேன். 3 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை மனசுல வெச்சு எழுதினது.

1. எது கிடைக்கும், எது கிடைக்காதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

கிடைக்காததை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதை நம்பி தான் நிறைய பேர் காசு கட்டறாங்க. படம் வரைஞ்சா கணக்குல மார்க் ஏறும், ஐக்யூ கூடும்ங்கறதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து அலசி 2000-ல வெளியிட்டாங்க, ஓவியம் கத்துக்கறதால தான் பாடத்துல மார்க் கூடுதுன்னு சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் தேறல. இத்தனைக்கும் ரெண்டு பேருமே கலை வகுப்பு வேணும்னு பேசறவங்க தான். அதனால "மார்க் வரும்"னு உறுதி குடுக்கற இடத்துல கொஞ்சம் உஷாரா இருங்க.

இனி கிடைக்கறது. முதல்ல கை. சின்னப் பிள்ளை வரையறப்ப கவனிச்சீங்கன்னா முழுக் கையும் தோள்ல இருந்தே ஆடும், போகப் போக முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியா தான் விரல் தனியா வேலை செய்ய ஆரம்பிக்கும். களிமண் பிசையறது, பேப்பர் கிழிக்கறது, கத்தரிக்கறது, தூரிகை பிடிக்கறது எல்லாமே அந்த விரலுக்கு பலம் குடுக்கற வேலை. கத்தரிக்கோல் பிடிக்கும்போது ஒரு கை வெட்டணும், இன்னொரு கை பேப்பரைத் திருப்பிக் குடுக்கணும், ரெண்டு கையும் வேற வேற வேலை செய்ய கத்துக்கறது சின்ன விஷயம் இல்ல. சட்டை பட்டன் போடறதுக்கும் எழுதறதுக்கும் இதே விரல் தான் வேணும்.

ரெண்டாவது, ஒரு கோடு ஒரு பொருளைக் குறிக்கலாம்ங்கற புரிதல். வட்டம் போட்டுட்டு "இது அம்மா"ன்னு பிள்ளை சொல்ற நாள் பெரிய நாள். ஒரு குறி இன்னொண்ணைக் குறிக்கும்னு புரிஞ்சா தான் "அ"ங்கற எழுத்து ஒரு சத்தத்தைக் குறிக்கும்னு அப்புறம் புரியும்.

மூணாவது தான் எனக்குப் பெருசா படறது. எதை வரையறது, எங்க ஆரம்பிக்கறது, பேப்பர்ல இடம் பத்துமா, கலர் கொட்டிடுச்சே இப்ப என்ன பண்றது, தூக்கிப் போடலாமா இல்ல அதையே மேகம் ஆக்கிடலாமான்னு ஒரு படத்துக்குள்ள பிள்ளை எத்தனையோ முடிவு எடுக்குது. முடிவு எடுக்கவும், தப்பானதை சமாளிக்கவும், முடியற வரைக்கும் உக்காரவும் இதுல பழக்கம் வருது. கோவம், பயம், பொறாமை மாதிரி வார்த்தையில சொல்லத் தெரியாத விஷயமும் படத்துல வெளிய வரும்.

ஆனா இது அத்தனைக்கும் ஒரு நிபந்தனை இருக்கு, முடிவை பிள்ளை எடுக்கணும். டீச்சர் அவுட்லைன் போட்டுக் குடுத்து பிள்ளை உள்ள கலர் மட்டும் அடிச்சா விரலுக்கு கொஞ்சம் வேலை கிடைக்கும், மத்தது எதுவும் நடக்காது. கீழ சொல்லப் போறது எல்லாமே இந்த ஒரு விஷயத்தை எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதைப் பத்தி தான்.

2. வயசுக்கு ஏத்த கிளாஸா பாருங்க

இங்க தான் நிறைய பேர் ஏமாறாங்க. "3 வயசுல இருந்தே லேண்ட்ஸ்கேப் வரைய வைப்போம்"னு சொன்னா நமக்கு பெருமையா இருக்கும். ஆனா பிள்ளைங்க வரையறதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு, விக்டர் லோவன்ஃபெல்ட்னு ஒரு கலைக் கல்விப் பேராசிரியர் 1947-லயே அதை படிப்படியா பிரிச்சு சொல்லிட்டார், இன்னிக்கும் ஆசிரியர் பயிற்சியில அதைப் பேசறாங்க. வயசு எல்லாம் உத்தேசம் தான், சில பிள்ளைங்க முன்ன பின்ன இருப்பாங்க, அதுக்காக பதறக் கூடாது.

2-ல இருந்து 4 வரைக்கும் கிறுக்கல். அது வீண் இல்ல, கை போற போக்கும் கண் பாக்கறதும் ஒண்ணு சேர்ற பயிற்சி அது. 3 வயசு வாக்குல பாத்து வட்டம் போட வரும், 4-ல கூட்டல் குறி, 5 கிட்ட சதுரமும் முக்கோணமும், டைமண்ட் வடிவம் 6, 7 ஆயிடும். அப்ப 4 வயசுப் பிள்ளைகிட்ட முக்கோணக் கூரை போட்ட வீடு சரியா வரலன்னு திட்டறது எவ்வளவு அபத்தம்னு நீங்களே யோசிங்க. இந்த வயசுக்கு கை நிறைய அழுக்காக்கற கிளாஸ் தான் வேணும், கிளே, ஃபிங்கர் பெயிண்ட், பெரிய பேப்பர், கிழிச்சு ஒட்டறது மாதிரி.

4-ல இருந்து 7 வரைக்கும் தலையில இருந்து நேரா காலும் கையும் முளைச்ச மனுஷங்க வருவாங்க, உடம்பே இருக்காது, அப்புறம் மெதுவா வயிறு, விரல் எல்லாம் சேரும். கலருக்கும் நிஜத்துக்கும் சம்பந்தம் இருக்காது, நாய் ஊதா கலர்ல இருக்கும். இதைத் திருத்தற டீச்சர் வேண்டாம்.

7-ல இருந்து 9 வரைக்கும் பேப்பர் அடியில ஒரு தரைக் கோடு, மேல ஒரு நீலப் பட்டை, நடுவுல வெறும் இடம். வீட்டுச் சுவர் வழியா உள்ள இருக்கற ஆள் தெரிவார். தப்புன்னு தோணும், ஆனா பிள்ளை கண்ணுக்குத் தெரியறதை வரையல, தனக்குத் தெரிஞ்சதை வரையுது. வீட்டுக்குள்ள ஆள் இருக்கார்னு தெரியும், அதனால வரையுது.

9-க்கு மேல தான் சிக்கல். நிஜம் மாதிரி வரலையேன்னு அவங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும், "எனக்கு வரைய வராது"ன்னு நிறைய பிள்ளைங்க பென்சிலைக் கீழ வெக்கறது இந்த வயசுல தான். அளவு, நிழல், தூரத்துல இருக்கறது சின்னதா தெரியறது மாதிரி டெக்னிக் எல்லாம் முறையா சொல்லிக் குடுக்க வேண்டிய நேரம் இது. 4 வயசுல வேண்டாம்னு சொன்ன அதே பயிற்சி 10 வயசுல ரொம்ப உதவும். அதனால எல்லா வயசுக்கும் ஒரே ரூம், ஒரே படம்னு நடத்தற இடம்னா யோசிச்சு சேருங்க.

3. கிளாஸ் நடக்கற நேரத்துல நேர்ல போங்க

ஃபோன்ல விசாரிச்சா ஃபீஸ் மட்டும் தான் தெரியும். ஞாயித்துக்கிழமை காலி ரூமைக் காட்டினாலும் பிரயோஜனம் இல்ல. கிளாஸ் நடந்துட்டு இருக்கும்போது போங்க, வெளிய இருந்தாவது பாக்க விடணும். பிள்ளைங்க கவனம் சிதறும்னு உள்ள விடலைன்னா அது நியாயம் தான், ஆனா கண்ணாடி வழியா கூட பாக்க முடியாதுன்னா நான் சேக்க மாட்டேன், இது பாதுகாப்பு விஷயமும் கூட.

போனதும் சுவரைப் பாருங்க. இருபது படம் ஒட்டியிருந்து இருபதும் ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே ரெண்டு பறவையா இருந்தா அங்க வரைஞ்சது டீச்சர் தான், பிள்ளைங்க காப்பி எடுத்திருக்காங்க. ஒவ்வொண்ணும் வேற மாதிரி கோணல் மாணலா இருந்தா அது நல்ல இடம்.

அப்புறம் டீச்சரோட கையைப் பாருங்க, இதை யாரும் கவனிக்கறதில்ல. பிள்ளை "மிஸ், வரல"ன்னு சொன்னதும் பென்சிலை வாங்கி அவங்களே போட்டுக் குடுக்கறாங்களா, இல்ல "யானையோட காது எங்க இருந்து ஆரம்பிக்குது, பாத்து சொல்லு"ன்னு கேக்கறாங்களா? செஞ்சு காட்டறது தப்பில்ல, வேற ஒரு பேப்பர்ல செஞ்சு காட்டலாம். பிள்ளையோட பேப்பர்ல கை வெக்கறது தான் பிரச்சினை. ஒரு இடத்துல நாங்க ட்ரையல் போனப்ப என் பொண்ணு வரைஞ்ச பூனையை மிஸ்ஸே ரப்பர் வெச்சு அழிச்சு அழகா வரைஞ்சு எங்க கையில குடுத்தாங்க, போட்டோ எடுத்துக்கச் சொல்லி வேற. படம் பிரமாதமா தான் இருந்தது, யார் வரைஞ்சதுன்னு கேட்டா தான் சங்கடம்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள்னு எண்ணிப் பாருங்க. 5 வயசுக்குக் கீழன்னா ஆறேழு பேருக்கு மேல ஒரு ஆளால சமாளிக்க முடியாது, பெயிண்ட் தண்ணியை மாத்தறதுலயே நேரம் போயிடும். பெரிய பிள்ளைங்கன்னா பன்னிரண்டு வரைக்கும் பரவாயில்ல. கை கழுவற இடம், கழிவறை, ஜன்னல், காத்தோட்டம், இதெல்லாம் அதே நேரத்துல பாத்துடுங்க.

கேக்க வேண்டிய கேள்வி அதிகம் இல்ல. "ஒரு பிள்ளை இன்னிக்கு சொன்னதை வரைய மாட்டேன், வேற வரையறேன்னா என்ன பண்ணுவீங்க?" இந்த ஒண்ணு போதும். பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க முகம் போற போக்குலயே பாதி தெரிஞ்சுடும்.

4. ட்ரையல் கிளாஸ் இல்லாம சேராதீங்க

ஒரு ட்ரையல் கேளுங்க, ரெண்டு கிடைச்சா இன்னும் நல்லது, ஏன்னா முதல் நாள் எல்லா பிள்ளையும் கூச்சப்படும், சில பிள்ளை அழும், அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. ட்ரையலுக்கு காசு உண்டா, சேந்தா அதை ஃபீஸ்ல கழிப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ட்ரையல் முடிஞ்ச உடனே "இன்னிக்கே கட்டினா டிஸ்கவுண்ட்"னு ஒரு நெருக்கடி வரும், பிள்ளை முன்னாடியே கேப்பாங்க, பிள்ளையும் நம்ம முகத்தைப் பாக்கும். வீட்டுல பேசிட்டு சொல்றேன்னு கிளம்பிடுங்க. அந்த டிஸ்கவுண்ட் பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும்.

வெளிய வந்ததும் "என்ன வரைஞ்ச?"ன்னு கேக்கறதை விட "அங்க என்ன எல்லாம் நடந்துச்சு?"ன்னு கேளுங்க. படத்தைப் பத்தி சொல்லாம பக்கத்துப் பிள்ளை நீலத்தைக் கொட்டினதைப் பத்தி சொன்னாலும் சந்தோஷமா சொன்னா சரி.

5. பேப்பர் வேலை

பெரிய ஸ்கூல் அட்மிஷன் மாதிரி இல்ல, ஆனாலும் கையில வெச்சுட்டுப் போனா ரெண்டாவது தடவை அலைய வேண்டாம். நீங்க குடுக்க வேண்டியது: பிள்ளையோட வயசுக்கு ஒரு ஆதாரத்தோட நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அவசரத்துக்கு ரெண்டு ஃபோன் நம்பர், அதுல ஒண்ணு உங்களோடதா இல்லாம இருக்கட்டும். அலர்ஜி, ஆஸ்துமா, வலிப்பு, கண்ணாடி, காது கேக்கற மெஷின் எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க, வாயில சொன்னா அந்த டீச்சர் மாறினதும் போச்சு. இடது கை பழக்கம்னா அதையும் எழுதுங்க, பத்துல ஒருத்தர் இடது கைக்காரங்க தான், அவங்களுக்குன்னு தனி கத்தரிக்கோல் இருக்கு, சாதா கத்தரிக்கோலைக் குடுத்துட்டு பிள்ளைக்கு வெட்ட வரலன்னு சொல்லிடுவாங்க. பச்சையும் சிவப்பும் மாறி மாறி அடிக்கற பிள்ளைன்னா ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, நிறக்குருடு பெண் பிள்ளைங்களை விட ஆண் பிள்ளைங்களுக்கு தான் அதிகம், கவனக்குறைவுன்னு திட்டு வாங்கறவங்கள்ல சிலருக்கு இது இருக்கும்.

நீங்க கேட்டு வாங்க வேண்டியது தான் முக்கியம். பணம் கட்டினதுக்கு ரசீது. ரீஃபண்ட், லீவு, கிளாஸ் ரத்தானா என்னங்கறது எழுத்துல, வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் போதும். பிள்ளையைக் கூட்டிட்டுப் போக யார் யார் வரலாம்னு பேர் எழுதின லிஸ்ட், அதுல இல்லாதவங்க வந்தா விடக் கூடாதுன்னு. வேலை செய்யறவங்களோட பின்னணியை சரிபாத்திருக்காங்களான்னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க, ஒழுங்கா நடத்தற இடத்துல இந்தக் கேள்விக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஃபாரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ அனுமதிங்கற பாராவைத் தேடிப் படிங்க. பிள்ளையோட முகத்தை விளம்பரத்துக்கு பயன்படுத்திக்கலாம்னு சின்ன எழுத்துல இருக்கும். வேண்டாம்னா அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்து போடுங்க. படம் மட்டும் போடலாம், முகமும் முழுப் பேரும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா பெரும்பாலும் ஒத்துப்பாங்க.

6. காசு: மாசக் கணக்கு பாக்காதீங்க, வருஷக் கணக்கு பாருங்க

மாச ஃபீஸ் கம்மியா சொல்லுவாங்க. அது மேல பதிவுக் கட்டணம், மெட்டீரியல் கிட், ஏப்ரன் இல்ல டீ-ஷர்ட், கண்காட்சிக் கட்டணம், ஃப்ரேம் போட காசு, கிரேடு தேர்வு, சர்டிஃபிகேட், விடுமுறை கேம்ப்னு ஒண்ணொண்ணா வரும். சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பரை எடுத்து "இந்த வருஷம் முழுக்க மொத்தம் எவ்வளவு ஆகும், இதுல எது கட்டாயம், எது விருப்பம்"னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சு எழுதிக்கோங்க.

அடுத்து, உண்மையில எத்தனை மணி நேரம் கிடைக்குதுன்னு பாருங்க. மாசம் 8 கிளாஸுக்கு வாங்கிட்டு லீவு, டீச்சர் வரலன்னு 6 தான் நடந்தா ஒரு கிளாஸோட விலை மூணுல ஒரு பங்கு ஏறிடுது. ஒரு மணி நேர கிளாஸ்ல முதல் பத்து நிமிஷம் அட்டெண்டன்ஸ், கடைசி பத்து நிமிஷம் கழுவறதுன்னா வரையறது 40 நிமிஷம். விட்ட கிளாஸை வேற நாள்ல ஈடு பண்ண விடுவாங்களா, அதுக்கு எத்தனை நாள் கெடுன்னு கேளுங்க.

வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் இலவசம்ங்கறது ஆசையா இருக்கும். முதல் தடவை அதைத் தொடாதீங்க. பிள்ளைக்கு பிடிக்குதான்னு தெரிய ஒரு டெர்ம் ஆகும், அது வரைக்கும் மாசா மாசம் கட்டுங்க. அதிகமா போனாலும் மூணு மாசத்துக்கு மேல முன்பணம் வேண்டாம், நடுவுல இடத்தையே மூடிட்டுப் போறவங்களும் இருக்காங்க.

கிட் அவங்ககிட்ட தான் வாங்கணுமான்னு கேளுங்க. லிஸ்ட் மட்டும் குடுங்க, வெளிய வாங்கிக்கறோம்னு சொன்னா நிறைய இடத்துல சரின்னுடுவாங்க.

7. சாமான் வாங்கறது

24 கலர், 48 கலர் பெட்டி எல்லாம் ஆரம்பத்துக்கு தேவையே இல்ல. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கொஞ்சம் கறுப்பு இருந்தா கலந்து பாக்க கத்துக்கும், ரெடிமேட் பச்சை கையில இருந்தா பச்சை எப்படி வருதுன்னு பிள்ளைக்கு தெரியவே தெரியாது. காசை பேப்பர்ல போடுங்க. பேப்பரோட கனத்தை ஜிஎஸ்எம்னு சொல்லுவாங்க, ஜெராக்ஸ் பேப்பர் 80 ஜிஎஸ்எம் வாக்குல இருக்கும், அதுல வாட்டர் கலர் வெச்சா ஊறி சுருண்டு கிழிஞ்சுடும், பிள்ளை தனக்கு வரலன்னு நினைச்சுக்கும். தண்ணி கலருக்கு 200-க்கு மேல, முடிஞ்சா 300 ஜிஎஸ்எம். கிறுக்கறதுக்கு எந்த பழைய பேப்பரும் போதும். க்ரேயான் உடைஞ்சா தூக்கிப் போடாதீங்க, சின்னத் துண்டை முழு உள்ளங்கையால பிடிக்க முடியாது, தானா விரல் நுனிக்கு வந்துடும், பென்சில் பிடிக்கறதுக்கு அது நல்ல பயிற்சி.

பாதுகாப்பு விஷயம் கொஞ்சம் கவனமா படிங்க. "நான்-டாக்ஸிக்"னு யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம், அதோட ஏதாவது ஒரு தர முத்திரை இருக்கான்னு பாருங்க. ஏபி முத்திரைன்னா நச்சுயியல் நிபுணர்கள் பரிசோதிச்சு ஏத்துக்கிட்டதுன்னு அர்த்தம், ஈஎன் 71-ங்கறது ஐரோப்பாவுல பொம்மைங்களுக்கான பாதுகாப்பு விதி. ஏஎஸ்டிஎம் டி-4236ங்கற அமெரிக்க லேபிள் விதி நம்பர் மட்டும் போட்டிருந்தா அதுல விஷமே இல்லைன்னு ஆயிடாது, நாள்பட்ட ஆபத்து ஏதாவது இருந்தா லேபிள்ல சொல்லியிருக்கணும்ங்கறது தான் அந்த விதி, அதனால எச்சரிக்கை வாசகம் எதுவும் இருக்கான்னு திருப்பிப் பாருங்க. எச்சரிக்கை இருந்தா சின்னப் பிள்ளை கையில குடுக்க வேண்டாம். டர்பென்டைன், படம் கலையாம இருக்க அடிக்கற ஸ்பிரே ஃபிக்ஸேடிவ், தூளா வர்ற கலர், பெரியவங்க பயன்படுத்தற காட்மியம் கலர் இதெல்லாம் பிள்ளைங்க கிளாஸ்ல இருக்கவே கூடாது. கிளே கிளாஸ்னா காஞ்ச தூசியைத் துடைப்பத்தால பெருக்கறாங்களா, ஈரத் துணியால துடைக்கறாங்களான்னு பாருங்க, அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, மூச்சுல போகக் கூடாது. 3 வயசுக்குக் கீழ ஒரு தம்பி தங்கச்சி வீட்டுல இருந்தா மணி, பட்டன், ஒட்டற கண்ணு மாதிரி சாமானை வீட்டுக்குக் கொண்டு வர விடாதீங்க, வாயில போட்டுக்கும்.

8. எந்த நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு நாள்

3, 4 வயசுக்கு அரை மணியில இருந்து 40 நிமிஷம். 5-ல இருந்து 7-க்கு முக்கால் மணியில இருந்து ஒரு மணி. அதுக்கு மேல ஒன்றரை மணி வரைக்கும் உக்காருவாங்க. வாரத்துக்கு ஒரு நாள் போதும், ரெண்டு நாள் இருந்தா நல்லது, தினம் வேண்டாம். ஸ்கூல் விட்டதும் நேரா பசியோட கொண்டு போய் விட்டா எந்த நல்ல கிளாஸும் எடுபடாது, நடுவுல ஒரு இடைவெளி வர்ற மாதிரி பேட்ச் பாருங்க. டெர்ம் நடுவுல சேந்தா மத்த பிள்ளைங்க பாதியில இருக்கற வேலைக்குள்ள நம்ம பிள்ளை திருதிருன்னு முழிக்கும், புது டெர்ம் தொடங்கற வாரத்துல சேருங்க, நல்ல பேட்ச் சீக்கிரம் நிரம்பிடும்ங்கறதால ஒரு மாசம் முன்னாடியே பேர் குடுத்து வெக்கணும்.

ஆன்லைன் கிளாஸ்னா 6 வயசுக்குக் கீழ ஒரு பெரியவங்க கூட உக்காந்தே ஆகணும், இல்லன்னா அது ஸ்க்ரீன் பாக்கற நேரம் தான். டீச்சரோட கேமரா அவங்க முகத்தைக் காட்டினா பத்தாது, கையை மேல இருந்து காட்டணும், பிள்ளையோட பேப்பரை அவங்க பாக்கற மாதிரியும் வெக்கணும்.

முன்னேற்றம் எப்ப தெரியும்? மூணு மாசத்துக்குள்ள படத்துல எதையும் தேடாதீங்க. வேற இடத்துல தான் முதல்ல தெரியும். சொல்லாமலே பேப்பரை எடுக்குதா, தப்பானா கசக்கிப் போடறது குறையுதா, ஒரு வேலையில முன்னை விட நேரம் உக்காருதான்னு பாருங்க. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால தேதியும், அது என்னன்னு பிள்ளை சொன்ன வார்த்தையையும் எழுதி ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. எல்லாத்தையும் வெச்சுக்க இடம் இருக்காது, மாசத்துக்கு ரெண்டு வெச்சுட்டு மத்ததை ஃபோன்ல எடுத்துக்கோங்க. எதை வெக்கறதுன்னு பிள்ளையே எடுக்கட்டும், இல்லன்னா குப்பையில பாத்துட்டு பெரிய ரகளை ஆகும்.

ஒண்ணு மட்டும், 5 வயசு தாண்டியும் பென்சிலைப் பிடிக்கவே ரொம்ப கஷ்டப்பட்டா, பசை, களிமண், பெயிண்ட் எது தொட்டாலும் தாங்க முடியாம அழுதா, கிளாஸை மாத்திட்டு இருக்காம குழந்தை டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசுங்க. டிராயிங் கிளாஸ் வைத்தியம் ஆகாது. "நாங்க ஆர்ட் தெரபியும் பண்றோம்"னு சொல்றவங்ககிட்ட அதுக்குப் படிச்ச சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க, அது தனிப் படிப்பு.

9. போட்டி, மெடல், கிரேடு

சேந்து கொஞ்ச நாள்லயே வாட்ஸ்அப் குரூப்ல போட்டி அறிவிப்பு வரும். கலந்துக்கற எல்லாருக்கும் மெடல், நுழைவுக் கட்டணம் தனி. பிள்ளையே கேட்டா ஒண்ணு ரெண்டு போகட்டும், ஆனா மெடலுக்காக வரையற பழக்கம் வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். 1973-ல மார்க் லெப்பர்னு ஒரு உளவியலாளர், கூட ரெண்டு பேர், 3-ல இருந்து 5 வயசுப் பிள்ளைங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. வரைய ஆசைப்படற பிள்ளைங்க தான் எல்லாரும். சில பேர்கிட்ட வரைஞ்சா பரிசு உண்டுன்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, சில பேருக்கு சொல்லாம குடுத்தாங்க, சில பேருக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு இஷ்டத்துக்கு விளையாட விட்டப்ப, பரிசுக்காக வரைஞ்ச பிள்ளைங்க மத்தவங்களை விட பாதி நேரம் தான் வரைஞ்சாங்க. சொல்லாம குடுத்த பரிசால எந்தக் கெடுதலும் வரல. அதனால பாராட்டுங்க, பரிசு கூட குடுங்க, பேரம் மட்டும் பேசாதீங்க.

பாராட்டறதுலயும் "சூப்பர், சூப்பர்"னு பாக்காமலே சொல்றதை விட "இந்த ஓரத்துல மட்டும் இவ்வளவு அழுத்தமா அடிச்சிருக்கியே, ஏன்?"னு கேட்டுப் பாருங்க, கதை கதையா வரும். "இது என்ன?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அது எதுவாவும் இல்லாம இருக்கலாம்.

கிரேடு தேர்வு 9, 10 வயசுக்கு மேல, பிள்ளைக்கே ஆசை இருந்தா பாக்கலாம். அதுக்கு முன்னாடி தேவை இல்ல. தேர்வு யார் நடத்தறாங்க, அந்த சர்டிஃபிகேட்டை வெளிய யாராவது ஏத்துக்கறாங்களான்னு கேளுங்க. அவங்களே நடத்தி அவங்களே குடுக்கறதுன்னா அது ஒரு அட்டை, அவ்வளவு தான்.

10. நிறுத்தணும்னா

போக மாட்டேன்னு பிள்ளை ஒரு நாள் சொன்னா விட்டுடாதீங்க, தொடர்ந்து மூணு நாலு வாரம் சொன்னா காரணம் என்னன்னு தோண்டிக் கேளுங்க. சில சமயம் டீச்சர் மாறியிருப்பாங்க, சில சமயம் பக்கத்துல உக்கார்ற பிள்ளை கிண்டல் பண்ணும், பேட்ச் மாத்தினாலே சரியாயிடும். யாராவது தொட்டது, பயமுறுத்தினது மாதிரி ஏதாவது சொன்னா உடனே நிறுத்திட்டு புகார் குடுங்க, ஃபீஸ் போனா போகுது.

சாதாரணமா நிறுத்தறதுன்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னு ஃபாரத்துல பாத்து, அந்தக் கெடுவுக்குள்ள எழுத்துல சொல்லுங்க, ஆட்டோ பேமெண்ட் இருந்தா நீங்களே போய் நிறுத்துங்க, அவங்க நிறுத்துவாங்கன்னு இருக்காதீங்க. டெபாசிட் கட்டியிருந்தா அந்த ரசீதைக் காட்டி தேதி கேட்டு வாங்குங்க. கடைசி நாள் அன்னிக்கு பிள்ளையோட படம், கிளே வேலை, மிச்சம் இருக்கற சாமான் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வந்துடுங்க, கண்காட்சிக்குன்னு வாங்கி வெச்ச படத்தையும் கேளுங்க, அப்புறம் போய் கேட்டா கிடைக்காது.

வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய வர்றதுக்கு முன்னாடி அவங்க போட்ட உங்க பிள்ளையோட போட்டோ எல்லாம் டவுன்லோடு பண்ணிக்கோங்க. விளம்பரப் பக்கத்துல பிள்ளை முகம் இருந்தா எடுக்கச் சொல்லி ஒரு மெசேஜ் போட்டுட்டு, எடுத்தாங்களான்னு ஒரு வாரம் கழிச்சு பாத்துக்கோங்க.